எனிமியும் குடிமகனும்

ஹாம்லெட் நாடகம் நள்ளிரவில், கோட்டையில் காவல் மாறும் நேரத்தில் தொடங்குகிறது. காவலுக்கு வந்து நிற்கும் பெர்னார்டோ, வேலை முடிந்து கிளம்புகிற பிரான்சிஸ்கோவிடம் ஒரு சேதி சொல்லி அனுப்புகிறான். தன்னோடு காவல் நிற்க வேண்டிய ஹொரேஷியோவையும் மார்செல்லஸையும் வழியில் பார்த்தால் சீக்கிரம் வரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கூட்டுக் காவலர்களைக் குறிக்க 1603-இல் வந்த முதல் அச்சுப் பதிப்பில் இருக்கும் சொல் பார்ட்னர்ஸ். அடுத்த ஆண்டு வந்த பதிப்பில் அதே இடத்தில் ரைவல்ஸ் என்று இருக்கிறது. இன்று நம் கைக்கு வரும் புத்தகங்களிலும் பெரும்பாலும் ரைவல்ஸ்தான். இன்றைய அகராதியை மட்டும் நம்பிப் படிக்கிற ஆள், ஹொரேஷியோ ஏதோ குழி பறிக்கப் போகிறான் என்று கடைசிக் காட்சி வரை காத்துக்கொண்டிருப்பான்.

ரைவல் என்ற சொல் லத்தீனின் ரிவஸ் என்பதிலிருந்து வருகிறது. ரிவஸ் என்றால் ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறவர்கள் ரிவாலிஸ். கி.பி. 533-இல் ஜஸ்டினியன் தொகுக்கச் செய்த ரோமானியச் சட்டத் தொகுப்பில், அல்பியன் என்ற சட்ட அறிஞரின் குறிப்பு ஒன்று வருகிறது. ஒரே வாய்க்கால்காரர்களுக்குள் தண்ணீர்த் தகராறு வந்தால் என்ன செய்வது? தனக்குத்தான் உரிமை என்று இருவருமே சொல்வதால், ஆணை இரண்டு பக்கமும் செல்லும் என்கிறார் அவர். அதாவது இரண்டு பேருமே வாதி, இரண்டு பேருமே பிரதிவாதி. தண்ணீர் வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்குமா என்று தெரியவில்லை. அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பிளாட்டஸின் நகைச்சுவை நாடகங்களில் ஒரே பெண்ணைக் காதலிக்கும் இருவருக்கும் இந்தச் சொல் வந்துவிட்டது. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் கூட்டாளி, போட்டியாளர் என்ற இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தன. பிறகு ஒன்று காலி செய்துகொண்டு போய்விட்டது.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. பங்காளி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கு உள்ளவன், ஒரே பாட்டன் சொத்தில் உரிமை உள்ளவன். ஆனால் 'பங்காளி' என்றதும் எந்த ஊரிலும் அடுத்து வருகிற சொல் 'சண்டை'.

எதிரியைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு கூட்டம் சொற்கள் இருக்கின்றன. எனிமி, ஃபோ, ரைவல், அட்வர்சரி, அப்போனண்ட், அன்டாகனிஸ்ட், நெமசிஸ். தெசாரஸில் தட்டினால் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும், ஏதோ வெறுப்பின் டிகிரிதான் ஏறி இறங்குகிறது என்பதுபோல. கோபத்தின் அளவு இங்கே பெரிய விஷயமே இல்லை. அந்தச் சொல் யார் மீது ஒட்டும் என்பதுதான் விஷயம். குறிப்பாக, நம்மில் ஒருவன் மீது ஒட்டுமா? ரைவல் ஒட்டும், ஏனென்றால் அது உறவுக்குள்ளிருந்தே வந்த சொல். அட்வர்சரியும் ஒட்டும். நம்மை நோக்கித் திரும்பி நிற்பவன் என்பதுதான் அதன் மூலப்பொருள். கோர்ட்டில் எதிரே நிற்பவனுக்கு அது போதும். நம்மூர்க் குற்றவியல் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை '1-வது எதிரி', '2-வது எதிரி' என்று எழுதுவதில் யாரும் யாரையும் வெறுப்பதில்லை. என் தொழிலிலும் அப்படித்தான். கணினிப் பாதுகாப்பில் அட்வர்சரி என்பது ஒரு கணிதக் கற்பனை. அவனால் என்னென்ன முடியும் என்று பட்டியல் போடுவோம், ஏன் செய்கிறான் என்று கேட்க மாட்டோம். காபி குடித்துக்கொண்டே "இந்த அட்வர்சரிகிட்ட நம்ம டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்குன்னு வெச்சுக்கோ" என்று நிம்மதியாகப் பேசலாம்.

சிக்கல் வருவது எனிமியில். அதற்கு முன் இங்கிலாந்தில் எனிமியின் இடத்தில் யார் இருந்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

பழைய ஆங்கிலத்தில் எதிரிக்கு ஃபியோண்ட், நண்பனுக்கு ஃப்ரியோண்ட். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. வெறு என்ற வினையிலிருந்து ஒன்று, நேசி என்ற வினையிலிருந்து மற்றொன்று. நம் இலக்கணத்தில் சொன்னால் இரண்டுமே வினையாலணையும் பெயர்: வெறுப்பவன், நேசிப்பவன். ஃப்ரியோண்ட் இன்று ஃபிரெண்ட். ஃபியோண்டுக்கு நேர்ந்தது வேறு. பெரிய வெறுப்பாளன் சாத்தான் என்பதால் அவன் பெயராகிப் போனது. 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு பிரெஞ்சு வழியாக எனிமி நுழைந்து மனித எதிரிகளை எடுத்துக்கொள்ள, ஃபீண்ட் நரகத்தோடு தங்கிவிட்டான். 

ஃபோ என்ற இன்னொரு பழைய சொல் கவிதைக்குள் போய் ஒளிந்துகொண்டது. பிறகு யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில் அது மறுபடி வேலைக்குச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வானத்தில் வரும் விமானம் யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு கருவி வந்தது. ஐ.எஃப்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஃபிரெண்டா, ஃபோவா என்று அடையாளம் காண்பது என்று விரியும். நாம் ரேடியோவில் ஒரு கேள்வி அனுப்புவோம், நம் ஆளாக இருந்தால் அவனது கருவி சரியான சங்கேதத்தைத் திருப்பி அனுப்பும். பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொய் இந்தப் பெயரில் இருக்கிறது. இந்தக் கருவியால் ஃபோவை அடையாளம் காணவே முடியாது. ஃபிரெண்டை மட்டும்தான் முடியும். பதில் வரவில்லை என்றால் 'தெரியவில்லை' என்று அர்த்தம், அவ்வளவுதான். 1994 ஏப்ரல் 14 அன்று வடக்கு ஈராக் வானில் இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் இரண்டு ஹெலிகாப்டர்களைப் பார்த்துக் கேள்வி அனுப்பின. சரியான பதில் வரவில்லை. அருகில் போய்க் கண்ணால் பார்த்த விமானிகள் ஈராக்கிய ஹெலிகாப்டர்கள் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தினார்கள். அவை அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக்குகள். 26 பேர் இறந்தார்கள்.

இப்போது எனிமி. இதன் லத்தீன் மூலம் இனிமிகஸ். அமிகஸ் என்றால் நண்பன், முன்னால் எதிர்மறை சேர்த்தால் நண்பன் அல்லாதவன். பழந்தமிழில் எதிரிகளைச் சொல்லும் நள்ளார் என்ற சொல்லும் இதே கணக்குத்தான். நள்ளுதல் நட்புக்கொள்ளுதல், நள்ளார் அதைச் செய்யாதவர். ரோமில் இனிமிகஸ் என்பவன் என் சொந்த எதிரி. என்னைப் பற்றி அவதூறு பேசியவன், என் மீது வழக்குப் போட்டவன். ரோமுக்கு எதிரி என்றால் அதற்குத் தனிச் சொல், ஹோஸ்டிஸ்.

ஹோஸ்டிஸின் கதை இன்னும் விசித்திரமானது. கி.மு. 44-இல் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் சிசரோ ஒரு தகவல் தருகிறார். முன்னோர்கள் ஹோஸ்டிஸ் என்றது வெறும் அயலூர்க்காரனைத்தான், பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, போரிட வருபவனையும் இப்படி மென்மையாக அழைத்திருக்கிறார்களே என்று அவருக்கு வியப்பு. மொழியியலாளர்கள் இன்னும் பின்னால் போகிறார்கள். ஆங்கிலத்தில் விருந்தாளியைக் குறிக்கும் கெஸ்ட் என்ற சொல்லும் ஹோஸ்டிஸும் ஒரே வேரில் பிறந்தவை. ஹாஸ்பிட்டல், ஹாஸ்டல், ஹாஸ்டைல் எல்லாம் ஒரே குடும்பம். வாசலில் ஒரு அந்நியன் நிற்கிறான், சோறு போடுவதா, ஈட்டி எடுப்பதா? இரண்டு பதிலும் ஒரே சொல்லுக்குள் இருந்திருக்கின்றன.

ஆக, ஹோஸ்டிஸ் வெளியாள். அதுதான் அந்தச் சொல்லின் எல்லை. அந்த எல்லையை ரோமே உடைத்தது. கி.மு. 88-இல் சுல்லா தன் சொந்த நகரத்துக்குள் படையோடு நுழைந்தார், ரோமின் வரலாற்றில் முதல்முறையாக. நுழைந்ததும் செனட்டைக் கூட்டி, 12 பேரை ஹோஸ்டிஸ் என்று அறிவிக்கச் சொன்னார். பட்டியலில் முக்கியமானவர் மாரியஸ். ஆறு முறை கான்சலாக இருந்தவர், வடக்கிலிருந்து வந்த பெரும் படையெடுப்பிலிருந்து இத்தாலியைக் காப்பாற்றியவர். இந்த அறிவிப்புக்கு விசாரணை தேவையில்லை. அறிவித்த நொடியில் அவர் குடிமகன் இல்லை, யார் வேண்டுமானாலும் கொல்லலாம். சபையில் ஸ்கேவோலா என்ற கிழவர் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ள மறுத்தார். இந்த நகரத்தையும் இத்தாலியையும் காப்பாற்றிய மனிதரை ஹோஸ்டிஸ் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். படை வெளியே நிற்கிறது என்று தெரிந்துதான் சொன்னார். மாரியஸ் சதுப்பு நிலத்தில் ஒளிந்து ஆப்பிரிக்காவுக்குத் தப்பினார். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது, இப்போது ஹோஸ்டிஸ் என்று அறிவிக்கப்பட்டவர் சுல்லா.

ஒருமுறை உடைத்தால் அப்புறம் வழிதானே? கி.மு. 63-இல் கட்டிலைன் சதியில் பிடிபட்ட ஐந்து பேரை, கான்சலாக இருந்த சிசரோ விசாரணையின்றிக் கொன்றார். அரசுக்கு எதிரியாகிவிட்டவன் எப்படிக் குடிமகனாக இருக்க முடியும் என்பதுதான் அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் எதிரியாகிவிட்டான் என்று முடிவு செய்தது யார்? ஐந்து ஆண்டுகள் கழித்து, குடிமகனை விசாரணையில்லாமல் கொன்றவனுக்கு நெருப்பும் நீரும் கிடையாது என்று குளோடியஸ் சட்டம் கொண்டுவந்தான். சிசரோ நாடுகடந்தார், பலடைன் குன்றில் இருந்த அவர் வீட்டை இடித்தார்கள். குளோடியஸுக்கு நீதியில் அப்படி ஒன்றும் அக்கறை கிடையாது. ஒரு வழக்கில் அவனுடைய சாட்சியை சிசரோ உடைத்திருந்தார், அன்றிலிருந்து இருவரும் இனிமிகஸ்கள். ஹோஸ்டிஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தியவரை ஓர் இனிமிகஸ் கவிழ்த்தான் என்பது வரலாற்றில் எனக்குப் பிடித்த முரண்களில் ஒன்று.

ஆங்கிலத்துக்கு வரும்போது இந்த இரண்டு சொற்களில் ஒன்றுதான் கரை சேர்ந்தது. ஹோஸ்டிஸ் எதிரியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக வரவில்லை, ஹாஸ்டைல் என்ற பெயரடையாக வந்தது. இனிமிகஸ்தான் எனிமியாகி, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் பகை நாட்டுப் படைக்கும் ஒரே சொல்லானது. சொந்த வெறுப்பைச் சொன்ன சொல் அரசாங்க வேலைக்கு வந்துவிட்டது.

ஆனால் ஆங்கிலேயச் சட்டக்காரர்கள் கெட்டிக்காரர்கள். சொல்லில் தொலைந்த எல்லையை அவர்கள் சட்டத்தில் மீட்டார்கள். மூன்றாம் எட்வர்டின் 1352-ஆம் ஆண்டு ராஜதுரோகச் சட்டம் பிரெஞ்சில் எழுதப்பட்டது, அரசனின் எனிமிகளோடு சேர்வது துரோகம் என்கிறது. யார் இந்த எனிமி? 1769-இல் பிளாக்ஸ்டோன் தன் உரைநூலின் நான்காம் தொகுதியில் விளக்குகிறார்: எனிமி என்றால் எப்போதும் வேற்று அரசனின் குடிதான். சொந்தக் குடி ஆயுதம் எடுத்தால் அவன் கலகக்காரன், துரோகி, ஆனால் எனிமி அல்ல. நாட்டைவிட்டு ஓடிப்போன கலகக்காரனுக்கு ஒருவன் உதவி செய்தால், அது எனிமியோடு சேர்ந்த குற்றமாகாது என்று சொல்கிற அளவுக்கு இந்தக் கோடு கறாரானது. இதில் கருணை ஒன்றும் இல்லை, துரோகிக்கு அவர்கள் வைத்திருந்த தண்டனை பயங்கரமானது. ஆனால் துரோகி என்று சொல்ல வேண்டுமானால் குற்றம் சாட்ட வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும், நடுவர் குழு வேண்டும். எனிமிக்கு இது எதுவும் தேவையில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கோட்டை அழிக்க வந்தவர்களில் நன்றாகப் படித்த ஒருவர் உண்டு. கார்ல் ஷ்மிட், ஜெர்மானியச் சட்ட அறிஞர். நண்பன், எதிரி என்று பிரிப்பதுதான் அரசியலின் அடிப்படை என்று எழுதியவர். ஹோஸ்டிஸ், இனிமிகஸ் வேறுபாட்டை அவர் ஆசையாக எடுத்துக்கொண்டார். எதிரிகளை நேசிக்கச் சொன்ன இயேசு லத்தீன் பைபிளில் இனிமிகஸை நேசிக்கச் சொன்னாரே தவிர ஹோஸ்டிஸை அல்ல என்றார். படிக்கும்போது சபாஷ் போடத் தோன்றும். அதே நூலில், அரசு தனக்குள்ளேயே இருக்கும் எதிரியையும் முடிவுசெய்யலாம் என்று சொல்லி ரோமானிய அறிவிப்பை உதாரணம் காட்டுகிறார். 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935 நியூரம்பர்க் சட்டங்களைப் பாராட்டி எழுதினார். ஸ்கேவோலாக் கிழவரை அவர் உதாரணம் காட்டவில்லை.

அமெரிக்காவுக்கு இந்தக் கேள்வி 2004-இல் வந்தது. லூசியானாவில் பிறந்த யாசர் ஹம்டி ஆப்கானிஸ்தானில் பிடிபட்டு, 'எனிமி காம்பாட்டன்ட்' என்று முத்திரை குத்தப்பட்டுக் குற்றச்சாட்டே இல்லாமல் சிறையில் இருந்தார். அரசு அப்படி வைத்திருக்கலாம், ஆனால் அந்த முத்திரையை மறுக்க அவருக்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சாரம். இதையும் ஏற்காத நீதிபதி ஒருவர் இருந்தார். தாராளவாதி அல்ல, பழமைவாதிகளின் நாயகனான ஸ்காலியா. குடிமகன் என்றால் துரோக வழக்குப் போடுங்கள், இல்லையென்றால் விடுதலை செய்யுங்கள் என்றார். அவர் கைகாட்டிய மரபில் பிளாக்ஸ்டோன் இருக்கிறார்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் எனிமி என்ற ஆங்கிலச் சொல்லைத் தலைப்பிலேயே சுமக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது, 1968-ஆம் ஆண்டு எனிமி பிராப்பர்ட்டி சட்டம். எதிரி சொத்துச் சட்டம் என்று நம் நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். 1962 சீனப் போர், 1965 பாகிஸ்தான் போர்களின்போது, அந்த நாடுகளுக்குப் போய்க் குடியுரிமை பெற்றவர்கள் விட்டுச்சென்ற சொத்துகளை அரசின் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைத்த ஏற்பாட்டின் தொடர்ச்சி அது. யார் எனிமி என்ற வரையறையில் 1968-இல் எழுதியவர்கள் கவனமாக ஒன்றைச் சேர்த்தார்கள்: இந்தியக் குடிமகன் இதில் அடங்க மாட்டான். பிளாக்ஸ்டோனின் கோடு அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது.

உத்தரப் பிரதேசத்தில் மஹ்மூதாபாத் சமஸ்தானம். அதன் ராஜா முஸ்லிம் லீக்கின் பெரும் தலைவர்களில் ஒருவர், ஜின்னாவுக்கு நெருக்கமானவர். 1957-இல் பாகிஸ்தான் குடியுரிமை பெற்றார். மனைவியும் மகனும் இங்கேயே இந்தியக் குடிமக்களாக இருந்தார்கள். 1965 போருக்குப் பின் லக்னோவின் பட்லர் அரண்மனை, ஹஸ்ரத்கஞ்ச் கடைவீதியின் கட்டடங்கள், மஹ்மூதாபாத் கோட்டை எல்லாம் எனிமி சொத்தாயின. 1973-இல் தந்தை லண்டனில் இறந்தார். மகன் கேட்டார்: சொத்து இப்போது என்னுடையது, நான் இந்தியன், நான் எப்படி எனிமி? அவர் கேம்பிரிட்ஜில் வானியல் படித்தவர், இரண்டு முறை காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். முப்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தியக் குடிமகன் எனிமி அல்ல, சொத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

2016 ஜனவரியில் அவசரச் சட்டம் வந்தது. காலாவதி ஆக ஆக மறுபடி மறுபடி பிறப்பித்து, 2017 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். எனிமியின் வரையறையில் வாரிசுகளையும் சேர்த்தார்கள், அவர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்தாலும் சரி. 'இந்தியக் குடிமகன் அடங்க மாட்டான்' என்ற பழைய வரி போகவில்லை. அதன் வாலில், எனிமியின் வாரிசாக இருக்கும் குடிமகனைத் தவிர, என்று ஒரு விலக்கு ஒட்டிக்கொண்டது. முதலிலிருந்தே சட்டம் இப்படித்தான் இருந்தது என்று கொள்ள வேண்டுமாம். மென்பொருள் ஆட்கள் பழைய கமிட்டைத் திருத்தி வரலாற்றையே மாற்றி எழுதுவதைப்போல, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு பின்னோக்கிப் போய் ஒரு சொல்லின் அர்த்தத்தை மாற்றினார்கள்.

அரசின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தந்தை உயிரோடு இருந்தபோதே அரசிடம் வந்துவிட்ட சொத்து அவர் இறந்ததும் எப்படி மகனுக்குத் திரும்பும் என்ற கேள்வி சொத்துச் சட்டத்தில் வாதாடக்கூடிய கேள்விதான். பாகிஸ்தானும் அங்கே இருந்த இந்தியர்களின் சொத்துகளை எடுத்து விற்றது. பிறகு, பாகிஸ்தான் சென்றவர்களின் சொத்துகளே இங்கே 9,000-க்கு மேல் இருக்கின்றன, சின்னத் தொகை அல்ல. இதையெல்லாம் 'வாரிசுக்கு உரிமை இல்லை' என்ற ஒரு வரியில் எழுதியிருக்கலாம். அப்படி எழுதவில்லை. குடிமகனை எனிமி என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தார்கள். மஹ்மூதாபாத்தின் மகன் 2023 அக்டோபரில் காலமானார். எந்த வெளிநாட்டுக் குடியுரிமையும் வாங்காதவர், எந்தக் குற்றமும் சாட்டப்படாதவர், இந்தியச் சட்டப் புத்தகத்தின்படி எனிமி.

இதன் இரட்டைப் பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம் வளர்ந்தது. 1965 போரின்போது பாகிஸ்தான் அரசும் எதிரி சொத்து ஆணை போட்டது. கிழக்கு வங்கத்தில் அது பெரும்பாலும் இந்துக்களின் நிலத்தில் விழுந்தது. 1971-இல் வங்கதேசம் பிறந்தது. இந்தியா இப்போது நட்பு நாடு, எனிமி என்று எழுத முடியாது. எனவே 1974-இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அரசிடம் ஒப்படைக்கப்பட்டது என்று பொருள்படும் வெஸ்டட் என்ற சொல்லைப் போட்டார்கள். நிலம் அதே கோப்புகளில், அதே அலுவலர்களிடம் இருந்தது. திருப்பித் தருவதற்கான சட்டம் 2001-இல்தான் வந்தது. நிலத்தை இழந்தவர்களில் எல்லை தாண்டாதவர்களே ஏராளம். அண்ணன் தம்பிகளில் ஒருவன் கல்கத்தாவுக்குப் போயிருப்பான், பிரிக்காத குடும்ப நிலம் என்பதால் இங்கேயே உழுதுகொண்டிருந்தவனின் பங்கும் சேர்ந்து எனிமி பட்டியலில் ஏறியிருக்கும்.